எல்லாத்தையும் ஒரே கயித்துல கட்டணுமா?

பரண் மேல கேஸ் புக் தேடும்போது பழைய கணக்கு நோட்டு ஒண்ணு கையில சிக்குச்சு. 2004ல ஆரம்பிச்சது. முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல 'என் கொள்கை'. கீழே நாலு வரி, மேல குறுக்குக் கோடு. அடுத்த பக்கம் மறுபடியும் 'என் கொள்கை'. இப்படியே பதினோரு தடவை.

சிக்கல் என்னன்னா, எல்லாத்தையும் ஒரே கொள்கையாச் சேர்க்கப் பார்த்தா, நான் மதிக்கிற ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போக மாட்டேங்கிறாங்க. பெரியார்கிட்ட போனா சாமி கிடையாது. வள்ளலார் சின்ன வயசுல இருந்தது நம்ம ஏழுகிணறுல. 1867ல வடலூர்ல அவர் மூட்டின அடுப்பு இன்னும் எரியுது. எனக்கு அந்தச் சோறு போதும், ஜோதி வேணாம்னு பிரிக்கப் பார்த்தேன். ரெண்டும் ஒட்டிக்கிட்டேதான் வருது.

"உங்கம்மா மாதிரி இருந்துட்டுப் போயேன்"னு வீட்ல சொல்றாங்க. செவ்வாய் அந்தோணியார், வெள்ளி வடிவுடையம்மன், காய்ச்சல்னா தர்கா. ஆனா அம்மா எதையும் ஒண்ணாச் சேர்க்கலயே, ஆளுக்கொரு கிழமை ஒதுக்கிட்டாங்க, அவ்ளோதான்.

சேர்த்துக் காட்டினவர்னா திரு.வி.க.வைத்தான் ரொம்ப நாள் நம்பினேன். முருக பக்தர், காந்தி மேல பற்று, கூடவே தொழிற்சங்கம். 1918ல பெரம்பூர்ல பின்னி மில் தொழிலாளிங்களுக்குச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானப்போ தலைவர் வாடியா, எல்லா மதத்துக்கும் பொதுவான உண்மையைத் தேடுற தியாசபிகல் சொசைட்டிக்காரர். தொடங்கிவச்ச செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பஜனை சபை நடத்தினவங்க. பஜனையிலிருந்து ஒரு சங்கம்! இதைவிட என்ன வேணும்னு நோட்டுல ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்.

அப்புறம் 1921 பத்திப் படிச்சேன். அதே பின்னி மில் வேலைநிறுத்தத்துல ஆதிதிராவிடத் தொழிலாளிங்கள்ல பெரும்பாலானவங்க மில்லுக்குத் திரும்பிட்டாங்க. சண்டை சாதிச் சண்டையாச்சு. புளியந்தோப்புல குடிசைங்க எரிஞ்சுது, துப்பாக்கிச் சூடு நடந்துச்சு. மேடையில ஒண்ணாயிருந்தது பக்கத்துத் தெருவுல ஒண்ணா இல்ல. எல்லாம் கச்சிதமாப் பொருந்துதுன்னு யாராவது சொன்னா, யாரை வெளிய நிறுத்திட்டுப் பொருத்தினாங்கன்னு தேடுற புத்தி எனக்கு அதுக்கப்புறம் வந்ததுதான்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் ஓய்ஞ்ச கையோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் பரவுச்சே, அப்போ பெரிய மச்சான் வலையைச் சுருட்டிக்கிட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டான். வாசல்ல போட்டான். தொட்டா தார் மாதிரி ஒட்டுது, தெரு பூரா நாத்தம். சின்ன மச்சான் ஒரு ஆலையில கான்ட்ராக்ட் வேலை, ஷிப்டுக்குக் கிளம்பி நிக்கிறான்.

"இந்தக் கம்பெனிங்க எல்லாத்தையும் இழுத்து மூடணும்டா."

"மூடிட்டா என் சம்பளத்தை நீ குடுப்பியாண்ணே?"

ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பினாங்க. "நிறைய படிக்கிறியே மாமா, நீ சொல்லு."

கடலுக்கும் என்கிட்ட வாதம் இருந்துச்சு, கூலிக்கும் இருந்துச்சு. ரெண்டையும் சேர்க்கிற ஒரு வாக்கியம் இல்ல. "டீ சொல்லட்டா"ன்னு கேட்டேன். பெரியவனுக்கு அசிங்கமாத் திட்ட வந்துச்சு, அக்கா இருந்ததால விட்டுட்டான். மண்ணெண்ணெயில துணியை நனைச்சுக் குடுத்தேன். உள்ளங்கை வெளுத்துச்சு, நகக்கண்ணு வெளுக்கல.

அன்னைக்கு ராத்திரி எழுதின பன்னிரண்டாவது பக்கமும் இந்த நோட்டுலதான் இருக்கு. அதுக்குத் தலைப்பு இல்ல. வலை வாங்கின விலை, அதுக்குக் கீழ சின்னவனோட மாசச் சம்பளம். அடியில கோடு போட்டு வச்சிருக்கேன். கூட்டல.