நீங்கள் பாதியில் போகலாம், நான் போனால் 979 வெள்ளியா?

போன சனிக்கிழமை சாயங்காலம் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு வெளியே மறுபடியும் மின்சாரம் விற்கும் நிறுவனத்தின் அந்த மேசை. மேலே பெரிய குடை, பக்கத்தில் பதாகை, கையில் ஐபேடோடு இரண்டு பிள்ளைகள். "அண்ணே, மாசம் கரண்ட் எவ்வளவு வருது? ரெண்டு வருஷத்துக்கு ஒரே விலைண்ணே, ஏறவே ஏறாது" என்று அதில் ஒருவன் தமிழிலேயே கூப்பிட்டான். இருபது, இருபத்தொரு வயதுதான் இருக்கும். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த "ரெண்டு வருஷம்" காதில் விழுந்ததுமே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்து பழைய பில்களை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட்டில், நாலறை வீடு. எந்த நிறுவனத்திடம் வேண்டுமானாலும் மின்சாரம் வாங்கலாம் என்று சந்தையை வீடுகளுக்குத் திறந்துவிட்டபோது முதலில் எங்கள் வட்டாரத்தில்தான் சோதனை ஓட்டம் நடந்தது, 2018 ஏப்ரலில். அதே ஆண்டு நவம்பரிலிருந்து மற்ற வட்டாரங்களுக்கும் ஒவ்வொன்றாகப் போனது. அதுவரை எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் கொடுத்தது எஸ்பி குழுமம் ஒன்றுதான். இனிமேல் போட்டி வரும், விலை குறையும் என்றார்கள். விலை குறையவும் செய்தது, மறைக்கவில்லை. 2020 நவம்பரில் நான் ஒரு நிறுவனத்தோடு இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தேன். யூனிட்டுக்கு 17 காசு, வரி தனி. புளோக்கில் பாதிப் பேர் மாறியிருந்தார்கள். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கு நானே உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கிடந்து உறுத்துகிறது.

2021 அக்டோபரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'வருந்துகிறோம், சந்தையிலிருந்து விலகுகிறோம், உங்கள் கணக்கு எஸ்பி குழுமத்துக்கு மாற்றப்படும்.' அவ்வளவுதான். எனக்கு இன்னும் 13 மாதம் பாக்கி இருந்தது. எங்கள் நிறுவனம் மட்டும் இல்லை, அந்த ஒரு மாதத்திலேயே பல நிறுவனங்கள் கடையை மூடின.

ஏன் மூடினார்கள் என்பது எனக்கும் தெரியும். இந்த ஊர் மின்சாரத்தில் கிட்டத்தட்ட 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் இருந்து வருகிறது. குழாய் வழியாக இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும். மிச்சம் 2013 முதல் ஜூரோங் தீவு முனையத்தில் கப்பலில் திரவமாக வந்து இறங்கும். அந்த ஆண்டு உலகம் முழுக்க எரிவாயு விலை எகிறியது, இந்தோனேசியாவின் நட்டுனாவிலிருந்து வரும் குழாயிலும் வரத்து குறைந்தது. மொத்த விலைச் சந்தையில் அரைமணி நேரத்துக்கு ஒரு விலை. அதன் உச்சவரம்பே மெகாவாட் மணிக்கு 4,500 வெள்ளி, அதாவது யூனிட்டுக்கு நாலரை வெள்ளி. சொந்தமாக மின்நிலையம் இல்லாத நிறுவனங்கள் அந்தச் சந்தையில் வாங்கித்தான் எங்களுக்கு 17 காசுக்குக் கொடுக்க வேண்டும். மூச்சு முட்டியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விலை ஏறும் இறங்கும் என்று முன்கூட்டியே பார்த்து, அதற்கு அரண் கட்டி வைத்துக்கொள்வதுதானே அவர்கள் தொழில்? இரண்டு வருஷத்துக்கு விலை ஏறாது என்று வாக்குக் கொடுத்தது அவர்கள். நான் கேட்டு வாங்கவில்லை.

ஒரு வீட்டில்கூட விளக்கு அணையவில்லை, எஸ்பி குழுமம் ஏற்றுக்கொண்டது. அதற்கு நன்றி. ஆனால் அன்றைக்கு எஸ்பி கட்டணம் 24.11 காசு. எங்கள் வீட்டில் அப்போது மாதம் 400 யூனிட் ஓடும். மாதம் 28 வெள்ளி கூடுதல். கட்டணம் அப்படியே நின்றிருந்தால்கூட 13 மாதத்துக்கு ஏறக்குறைய 370 வெள்ளி. நிற்கவும் இல்லை, ஏறிக்கொண்டே போனது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாக்கை முறித்ததற்கு ஒரு காசு வரவில்லை.

இரண்டாவது கதையைக் கேளுங்கள்.

2022 நடுவில் எஸ்பி கட்டணம் 30.17 காசைத் தொட்டது. இரண்டே வருஷத்துக்கு முன்னால், 2020 ஜூலையில், அது 19.60 காசு. அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்கு நுரையீரல் மோசமாகி ஆக்சிஜன் இயந்திரத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அது இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டும். படுக்கைப்புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை, அதற்கொரு மோட்டார். அறை புழுங்கினால் அம்மாவுக்கு மூச்சு வாங்கும், ஆகவே ராத்திரி முழுக்க ஏர்கான். 400 யூனிட் 600 ஆனது. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று சொல்கிறவர்கள் எங்கள் வீட்டில் எந்த சுவிட்சை அணைக்கச் சொல்கிறார்கள் என்று வந்து காட்டட்டும்.

அப்போது வேறொரு நிறுவனத்தின் ஆள் பேசினார். "இது நாற்பது காசுக்குப் போகும் சார், இப்பவே பிடிச்சுக்குங்க." பயந்து போயிருந்த நேரம். யூனிட்டுக்கு 32 காசு, வரி தனி, 24 மாதம். 2022 செப்டம்பரிலிருந்து என்று கையெழுத்துப் போட்டேன். என் மனைவி அன்றைக்கே, "ஒருதடவை பட்டது போதாதாங்க?" என்றாள். அம்மாவின் இயந்திரம் நிற்கக்கூடாது, பில் கையை மீறிப் போகக்கூடாது, அது ஒன்றுதான் எனக்கு ஓடியது.

நாற்பது காசு வரவே இல்லை. எஸ்பி கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முந்தைய காலாண்டின் எரிவாயு விலையைப் பார்த்து நிர்ணயிக்கப்படுகிறது. 2023 ஏப்ரலில் அது 27.43 காசுக்கு இறங்கியது. ஊரெல்லாம் 27 கட்டுகிறது, நான் 32. யூனிட்டுக்கு நாலரைக் காசுக்கு மேல், 600 யூனிட்டுக்கு மாதம் 27 வெள்ளி, அதற்குமேல் வரி வேறு.

விலகிக்கொள்கிறேன் என்று தொலைபேசியில் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். பிறகு ஒரு பெண் பொறுமையாகவே விளக்கினார். முன்கூட்டியே முறித்தால் மிச்ச மாதங்களுக்கான கட்டணத்தில் 30 விழுக்காடு கட்ட வேண்டுமாம். எனக்கு 17 மாதம் மிச்சம். மாதம் 192 வெள்ளி என்று போட்டு, 979 வெள்ளி கேட்டார்கள். விலகினால் மிச்சமாவது 466 வெள்ளி, விலகக் கட்ட வேண்டியது 979. அசையவே முடியாது. அம்மாவின் நிலைமையைச் சொல்லிப் பார்த்தேன். "ஒப்பந்தத்தில் இருக்கு சார்" என்றார்.

எனக்கு வயிறு எரிவது இங்கேதான். 13 மாதம் மிச்சம் இருக்கும்போது நிறுவனம் விலகியது, கட்டியது பூஜ்யம். 17 மாதம் மிச்சம் இருக்கும்போது நான் விலக நினைத்தேன், கேட்டது 979. இரண்டும் அதே மாதிரி ஒப்பந்தம். விலை ஏறினால் அவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. விலை இறங்கினால் எனக்குக் கதவு பூட்டியிருக்கிறது. இதற்கு நிலையான விலை என்று பெயரா? நிலையாக நின்றது நான் மட்டும்தானே!

நீண்டகால ஒப்பந்தமே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மின்நிலையங்கள் எரிவாயுவை ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம் போட்டு வாங்குவதால்தான் இந்த ஊரில் விளக்கு எரிகிறது. ஆனால் அங்கே இரண்டு பக்கமும் வழக்கறிஞர் வைத்துப் பேசிக் கையெழுத்துப் போடுகிறார்கள். எம்ஆர்டி வாசலில் கையில் காய்கறிப் பையோடு நிற்கிறவனுக்கு ஐபேடில் ஒரு விரல் தேய்ப்பு.

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் அரசாங்கத்தின் யூ-சேவ் கட்டணத் தள்ளுபடி வருகிறதே என்பார்கள். வருகிறது, கைகொடுக்கிறது. அந்தத் தள்ளுபடியில் ஒரு பகுதி இந்த 32 காசுக்குப் போய்விட்டது என்பதுதான் என் வருத்தம். அறை வாடகைக்கு எடுத்து, "பியூபி தனி", அதாவது மின்சார, தண்ணீர்க் கட்டணம் தனி என்று வீட்டுக்காரரோடு பங்கு போட்டுக் கட்டும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு அதுவும் கிடையாது.

எரிசக்திச் சந்தை ஆணையம் இந்த ஒப்பந்தங்களுக்கு விதிமுறை வைத்திருக்கிறது, விலகல் கட்டணத்தை முன்பே காட்ட வேண்டும் என்கிறது. காட்டினார்கள், நானும் படித்தேன். படித்தால் அநியாயம் நியாயமாகிவிடுமா? நான் முறித்தால் எவ்வளவோ, நீ முறித்தாலும் அவ்வளவு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டில் மருத்துவ இயந்திரம் ஓடுகிறவர்களுக்கு அந்த அபராதமே வேண்டாம் என்று இன்னொரு வரி.

சனிக்கிழமை அந்தப் பையனிடம் இதைத்தான் கேட்டேன். "தம்பி, உங்க கம்பெனி பாதியில விட்டுட்டுப் போனா எனக்கு என்ன தருவீங்க? அந்த இடத்தை மட்டும் காட்டு, இங்கேயே கையெழுத்துப் போடுறேன்." ஐபேடில் மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினான். பக்கத்தில் இருந்த பெண்ணைக் கேட்டான். கடைசியில், "மேனேஜர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடுறேண்ணே" என்று என் எண்ணை வாங்கிக்கொண்டான். இன்றைக்கு வியாழன். இன்னும் யாரும் கூப்பிடவில்லை.