வெண்குஷ்டம் தொழுநோய் அல்ல

"வெண்குஷ்டம் தொழுநோயின் ஆரம்பம், தொட்டால் ஒட்டும்" என்று தோட்டப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. ஹட்டன் பக்கத்து லயமொன்றில், விரல் நுனி வெளுத்த ஓர் அக்கா நீட்டிய தேத்தண்ணியை யாரும் வாங்கவில்லை. மனம் கேட்காமல்தான் எழுதுகிறேன்.

பெயரில் குஷ்டம் இருப்பதுதான் வினை. இதில் கிருமியே கிடையாது. தோலுக்கு நிறம் தரும் கலங்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. ஒரே கோப்பையில் குடித்தாலும் ஒட்டாது.

தொழுநோய் வேறு. அதற்குக் காரணமான பக்டீரியாவை 1873இல் நோர்வே மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். அதுவும் தொட்டவுடன் தொற்றுவதில்லை. தொழுநோயால் தோலில் வரும் தேமலில் பஞ்சால் தடவினால் பெரும்பாலும் உணர்வு தெரியாது. வெண்குஷ்டத்தில் நன்றாகத் தெரியும். தேமல் மரத்துப்போயிருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்து இலவசம், 6 முதல் 12 மாதம் விடாமல் எடுத்தால் குணமாகும்.