அந்தப் பாட்டி அழவில்லை

இரண்டு நாளாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் இட்லிக் கடைப் பாட்டி பதிவைத்தான் சொல்கிறேன். லிங்க் போடவில்லை, பரவிய வரைக்கும் போதும். "பெற்ற பிள்ளைகள் கைவிட்ட நிலையில், கண்ணீர் மல்கக் கூறினார்" என்று முடிகிறது.

ஆறு வருடமாக அந்தக் கடையில் சாப்பிடுகிறவன் நான். மூத்த மகன் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார். சின்னவர் விடியற்காலையில் மாவுக் குண்டானைத் தூக்கிவந்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். "சும்மா உட்கார்ந்தா காலு பிடிச்சுக்குது" என்று கடை போடுகிற மனுஷி அவர். இவ்வளவு கனமான குண்டான் இங்கே எப்படி வந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அந்த மகன் கிடைத்திருப்பார்.

கேட்டு எழுதுங்கள். அழாதவரை அழ வைக்காதீர்கள்.

நானும் இந்தத் தப்பில் பங்குள்ளவன்தான். ஒரு நாளிதழில் நிருபராக இருந்தபோது தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் ஓர் அம்மாவைப் பேட்டி எடுத்தேன். வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டும், வெள்ளை உப்பில் வெயில் பட்டால் கண்ணைத் திறக்க முடியாது. உள்ளங்கால் வெடிப்பைக் காட்டிச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அச்சில் வந்தபோது "கண்ணீர் மல்க" ஒட்டிக்கொண்டிருந்தது. செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் சேர்த்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த முறை போனபோது, "நான் எப்ப தம்பி அழுதேன்?" என்று மட்டும் கேட்டார். பதினைந்து வருடமாகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

"நல்ல எண்ணத்தில் எழுதியது, உதவி கிடைத்ததே" என்பீர்கள். சரி, கிடைத்தது. பாட்டி உதவி கேட்டாரா? 1980-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் ஜேனட் குக் என்ற நிருபர், ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். ஊரே பதறி அந்தப் பையனைத் தேடியது. மறு வருடம் பத்திரிகையாளர்களுக்கான பெரிய விருதான புலிட்சர் பரிசும் வந்தது. அப்படி ஒரு பையனே இல்லை என்று தெரிந்து பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எண்ணம் நல்லதா கெட்டதா என்று அளந்து என்ன ஆகப்போகிறது?

"உணர்ச்சி இல்லாவிட்டால் யார் படிப்பார்கள்?" இதைக் கேட்கும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டைக் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பற்றி பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதைப் படியுங்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. ஆனால் பெண்களுக்கு ஜென்ட்ஸ் சைக்கிள்தான் பிடித்திருக்கிறது, சீட்டுக்கு முன்னாலுள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! இதை எந்த எழுத்தாளராலும் வீட்டில் உட்கார்ந்து யோசித்துவிட முடியாது. போய்க் கேட்டவருக்குத்தான் கிடைக்கும். ஏழை என்றால் அழுதால்தான் உங்கள் மனம் இளகுமா? சிரிக்கிற ஏழையைப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றுமே தோன்றாதா?

அந்தப் பதிவின் கீழே நானூறு பேர் அந்தப் பிள்ளைகளைச் சபித்திருக்கிறார்கள். நேற்று காலை சின்னவர் குண்டானை இறக்கி வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனார். பாட்டி எனக்கு இரண்டாவது இட்லி வைக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "நம்ம சின்னவனைத் திட்டி எழுதியிருக்காங்களாமே, அதை அழிக்கச் சொல்ல முடியுமாப்பா?"

எழுதியவருக்கு மூன்று மெசேஜ் அனுப்பிவிட்டேன். பார்த்திருக்கிறார், பதில் இல்லை. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.