திட்டு ஒரு சிகிச்சை இல்லை

"பெத்தவங்கள ஒரு நிமிஷம் நெனச்சுப் பாத்தியா? உனக்கு என்னதான் குறைச்சல்?" தற்கொலைக்கு முயன்று கேஷுவாலிட்டிக்கு வருபவர், கண் விழித்ததும் பல நேரம் கேட்பது இதைத்தான். அதுவும் பக்கத்து பெட்டுக்குக் கேட்கிற குரலில். சேலத்தில் நர்ஸாக இருக்கும் எனக்கு இதை அக்கறை என்று ஏற்க முடியவில்லை. கேட்பவருக்கு அது தண்டனை.

சட்டமே அந்தத் தண்டனையைக் கைவிட்டுவிட்டது. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே கிடையாது. இருந்தும் "போலீஸ் கேஸ், ஜி.எச். கொண்டு போங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடும் இடங்கள் உண்டு. ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்தவரிடம் இதைச் சொல்ல எப்படி மனசு வருகிறது? போலீஸ் நடைமுறைக்காக அவசர சிகிச்சை காத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லியாயிற்று.

மூச்சு, நாடி, பிரஷர், டிரிப் எல்லாம் நாங்கள் நன்றாகவே பார்க்கிறோம். தவறுவது அதற்கு அப்புறம்தான். நர்ஸ் மேஜையிலிருந்து கண்ணில் படும் பெட்டைக் கொடுக்க வேண்டும். பாத்ரூமுக்குக்கூடத் தனியாக விடக் கூடாது. ஸ்கிரீன் போட்டு, உறவினர்களைச் சற்று வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும், பெண்களிடம் கட்டாயம். அவளை இந்த நிலைக்குத் தள்ளியவரே தலைமாட்டில் நின்றுகொண்டிருக்கலாம். "இப்பவும் அந்த எண்ணம் வருதாம்மா?" என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. அவர் சொல்லும் பதில் டாக்டருக்கும் போக வேண்டும், அடுத்த ஷிஃப்டுக்கும் போக வேண்டும்.

ஒரு முறை முயன்றவருக்குத்தான் ஆபத்து அதிகம். ஆனால் டிஸ்சார்ஜோடு நம் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து ஊர்களில், தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களிடம் ஓர் ஆய்வு செய்தது. அவர்களில் ஒரு பகுதியினரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். அப்புறம் பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையில் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 சதவீதம். முடிவுகள் 2008இல் வெளிவந்தன.

விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை, ஒரு போன்தான். எஸ்டேட் கூலிக்குப் போகிறவர் ரிவியூவுக்காகச் சேலம் இறங்கினால் அன்றைய கூலி போச்சு. அவருக்கு அந்தப் போன் எவ்வளவு பெரிய விஷயம்! கேஷுவாலிட்டி உள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும், இதற்கென்றே ஒரு நர்ஸை நியமித்துப் பயிற்சி கொடுங்கள். இருக்கிற டியூட்டியோடு சேர்த்துத் தலையில் கட்டாமல், தனிப் பணியாகவே கொடுங்கள்.

படிக்கிற யாருக்காவது இப்போது அந்த எண்ணம் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இல்லையென்றால் 104. இரவு பகல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.