ரிட்டயர் ஆகும் முன்பே சிஜிஹெச்எஸ் பற்றி முடிவெடுங்கள்

மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறவர்கள் கிராஜுவிட்டி எவ்வளவு வரும், பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் கம்யூட்டேஷன் போடலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் பேசுகிறார்கள். படிவத்தில் மருத்துவ வசதி பற்றிக் கேட்கும் இடத்தில் மட்டும் பக்கத்து சீட்டுக்காரர் என்ன போட்டாரோ அதையே போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். சென்னையில் வீடு இருப்பவர்களுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

சிஜிஹெச்எஸ் என்பது மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்குமான மருத்துவத் திட்டம்; 1954-இல் டெல்லியில் ஆரம்பித்தது. இன்றுவரை அது நகரங்களை வைத்துத்தான் இயங்குகிறது. அந்த வசதி இல்லாத ஊரில் வேலை பார்க்கும் மத்திய அரசு ஊழியருக்கு 1944-ஆம் ஆண்டு மருத்துவ விதிகள் இருக்கின்றன. செலவு செய்துவிட்டுப் பில் போட்டு வாங்கலாம். ஆனால் ரிட்டயர் ஆன மறுநாளே அந்த விதிகள் அவருக்குக் கிடையாது. ஓய்வு பெற்றவர்களுக்கும் அவற்றை நீட்டிக்கலாம், ஆட்சேபம் இல்லை என்று 1998-இல் சுகாதார அமைச்சகமே எழுதியது. அது நடைமுறைக்கு வரவே இல்லை. முப்பது வருடம் உழைத்தவரை நோய் வரும் வயதில் விதிக்கு வெளியே நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

சரி, இருக்கிற விதிப்படி சிறு ஊர்க்காரர் என்ன செய்யலாம்? மூன்று வழிகள் உண்டு. மாதம் 1,000 ரூபாய் மருத்துவப் படியை, அதாவது எஃப்எம்ஏ-வை, மட்டும் வாங்கிக்கொண்டு இருந்துவிடலாம். அல்லது படியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பக்கத்திலுள்ள சிஜிஹெச்எஸ் நகரத்தில் பதிவு செய்து ஓபி (அட்மிட் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் சிகிச்சை), அட்மிஷன் இரண்டையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது வழிதான் பலருக்குத் தெரியாதது. ஓபி செலவுக்கு எஃப்எம்ஏ-வையும் வாங்கலாம், அட்மிஷனுக்கு மட்டும் சிஜிஹெச்எஸ் கார்டும் எடுக்கலாம். ஊரோடு இருப்பவர்களுக்கு இதுதான் பொருத்தமானது என்பது என் உறுதியான எண்ணம்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், எஃப்எம்ஏ வாங்கினால் சிஜிஹெச்எஸ் கிடையாது என்று நினைத்துக்கொண்டே இருந்தார். அலுவலகத்தில் அப்படித்தான் சொன்னார்களாம். அவர் மனைவிக்கு இதய அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தபோது கையில் கார்டு இல்லை. பிள்ளையின் கல்யாணத்துக்கு வைத்திருந்த டெபாசிட்டை உடைத்துத்தான் பில் கட்டினார். கார்டு இருந்திருந்தால் பென்ஷனர் என்ற முறையில் சிஜிஹெச்எஸ் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் கேஷ்லெஸ்ஸாகவே முடிந்திருக்கும். அவரிடம் யாரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசவில்லை என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

சிஜிஹெச்எஸ் கட்டணம் சம்பள லெவலைப் பொறுத்தது. ஐந்தாம் லெவல் வரை மாதம் 250, ஆறுக்கு 450, ஏழு முதல் பதினொன்று வரை 650, அதற்கு மேல் 1,000 ரூபாய். வருடா வருடம் கட்டலாம்; பத்து வருடத் தொகையை மொத்தமாகக் கட்டினால் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆறாம் லெவலில் ஓய்வு பெற்றவருக்கு அது 54,000 ரூபாய். ரிட்டயர்மென்ட் பணம் கைக்கு வரும்போதே இதைக் கட்டிவிடுங்கள் என்பேன். சேருவதற்கு வயது வரம்பு இல்லை, ஏற்கெனவே சர்க்கரையோ இதய நோயோ இருந்தாலும் தடை இல்லை. அறுபது வயதுக்காரருக்கு எந்தத் தனியார் இன்சூரன்ஸ் இப்படிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது? நமக்குப் பின் குடும்ப பென்ஷன் வாங்கும் மனைவிக்கும் இந்த வசதி தொடரும்.

ஒன்றில் கவனம் தேவை. எஃப்எம்ஏ-விலிருந்து சிஜிஹெச்எஸ் ஓபிக்கோ, அங்கிருந்து இங்கோ மாறுவது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். பிள்ளைகளோடு சென்னைக்கே குடிபோகும் எண்ணம் இருந்தால் அதையும் யோசித்து முடிவு செய்யுங்கள்.

அந்த 1,000 ரூபாய் 2017 ஜூலையில் நிர்ணயித்தது. அகவிலைப்படி ஏற ஏற பென்ஷன் ஏறுகிறது, இந்தப் படி மட்டும் அசையவே இல்லை. கணவன் மனைவி இருவருக்கும் பிரஷர், சர்க்கரை என்றால் மாத்திரைக்கே பத்தாது. இதையும் அகவிலைப்படியோடு சேர்த்து உயர்த்த வேண்டும் என்று பென்ஷனர் சங்கங்கள் விடாமல் கேட்க வேண்டும்.

எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு விஷயம். முதியவர்களின் இலவச சிகிச்சைக்காக 2024 அக்டோபரில் வந்த ஆயுஷ்மான் வய வந்தனா கார்டையும் சிஜிஹெச்எஸ்ஸையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் என்று வரம்பு உண்டு. சிஜிஹெச்எஸ்ஸில் அப்படி மொத்த வரம்பு கிடையாது. அந்தக் கார்டு போடும் முகாமில் யாரோ கேட்டார்கள் என்று சிஜிஹெச்எஸ்ஸை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

கார்டு இருந்தும், அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்குப் போனதற்காகப் பணம் மறுத்தார்கள் என்றால் சும்மா இருக்க வேண்டாம். சிவகாந்த் ஜா வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பட்டியலில் பெயர் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவரும் ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரிதான். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

இந்த வருடம் ரிட்டயர் ஆகிறவர்கள் பிபிஓ (பென்ஷன் உத்தரவு) நகல், கடைசிச் சம்பளச் சான்று, முகவரிச் சான்று, சார்ந்திருப்பவர்களின் வயது, வருமானச் சான்றுகளை இப்போதே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். படிவத்தை நிரப்பும் அன்று மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.