பாதி விலைக்கு வந்த டெக் பங்கு

"அறுபது சதவீதம் இறங்கிடுச்சு, இனி எங்கே போயிடும், வாங்கிப் போடு" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆடித் தள்ளுபடியில் பாதி விலைக்குக் கிடைப்பது அதே புடவை. டெக் பங்கில் விலையோடு சேர்ந்து சரக்கும் இறங்கியிருக்கலாம்.

சரி, பிஇ (பங்கு விலை ஒரு பங்குக்கான வருட லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு) பார்த்தால் போதாதா? போதாது. 2021 கடைசியில், கம்ப்யூட்டர் சிப் செய்யும் இன்டெலின் பங்கு சுமார் 50 டாலர். அந்த வருட லாபம் கிட்டத்தட்ட 20 பில்லியன் டாலர், பிஇ பத்துதான், லாபத்தில் பங்குதாரர்களுக்குத் தரும் டிவிடெண்டும் வந்துகொண்டிருந்தது. பார்த்தால் அடிமாட்டு விலை. ஆனால் அடுத்த தலைமுறை 7 நானோமீட்டர் சிப் தாமதமாகும் என்று 2020 ஜூலையிலேயே அவர்களே சொல்லிவிட்டார்கள், ஆப்பிள் சொந்த சிப்புக்குப் போய்விட்டது, போட்டிக் கம்பெனி ஏஎம்டி தைவானின் டிஎஸ்எம்சியில் சிப் செய்து வாங்கி இவர்களுடைய வாடிக்கையாளர்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. விட்டதைப் பிடிக்க ஃபேக்டரியில் பணத்தைக் கொட்டியே ஆகவேண்டிய நிலை. 2022இல் லாபம் 8 பில்லியன், 2023இல் 2 பில்லியனுக்கும் கீழே, 2024இல் 18 பில்லியனுக்கு மேல் நஷ்டம். டிவிடெண்டை நிறுத்துகிறோம் என்று 2024 ஆகஸ்டில் அறிவித்த மறுநாள் பங்கு ஒரே நாளில் கால்வாசிக்கு மேல் சரிந்தது.

ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனி மெட்டா 2022 நவம்பரில் 90 டாலருக்கு வந்தபோதும் பிஇ பத்தை ஒட்டித்தான். மெட்டாவர்ஸ் என்ற அவர்களுடைய மெய்நிகர் உலகத் திட்டத்தை ஊரே கிண்டலடித்தது, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அதற்கு ஆகும் செலவைக் காலாண்டு அறிக்கையிலேயே தனியாகக் காட்டியிருந்தார்கள். வருட முடிவில் அந்தப் பக்கம் 13.7 பில்லியன் நஷ்டம், ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் பக்கம் 42 பில்லியனுக்கு மேல் இயக்க லாபம், அதாவது வட்டி, வரிக்கு முந்தைய லாபம். மொத்தக் கம்பெனியும் அப்போது 240 பில்லியனுக்குக் கிடைத்தது! மெட்டாவின் தலைவர் ஸக்கர்பெர்க் நினைத்தால் அந்தச் செலவை நாளைக்கே குறைக்கலாம், குறைத்தாலும் இன்ஸ்டாவில் விளம்பரம் ஓடும். இன்டெல் செலவை நிறுத்தினால் வியாபாரமே நின்றுவிடும். 2023 முடிவில் மெட்டா 350 டாலர்.

நடந்து முடிந்தபின் பேசுவது சுலபம், ஒத்துக்கொள்கிறேன். மெட்டா இவ்வளவு ஏறும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆனால் எந்தச் செலவு ஆசைக்கு, எந்தச் செலவு உயிர் பிழைக்க என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். எனக்கு மலிவு என்பது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்புறம் இன்னொன்று. ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுக்கும் சம்பளத்தைக் கழிக்காமல் 'அட்ஜஸ்டட்' லாபம் காட்டும் கம்பெனி என்றால், அதையும் கழித்துவிட்டு மறுபடி பிஇ போட்டுப் பாருங்கள். பல பங்குகளின் மலிவு அங்கேயே காணாமல் போய்விடும்.