சுவரில் ஆடும் சாவு புதிதன்று
மதுக்கூடச் சுவர்களில் கோப்பையேந்தி ஆடும் எலும்புக்கூடு ஓவியங்கள் இன்றைய இளைஞர்களின் கண்டுபிடிப்பு என, அவற்றைப் பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் கூறுவதை ஏற்க இயலவில்லை. பாரிசில் ஓர் இடுகாட்டு மதிலில் 1424–25இலேயே, போப்பாண்டவர் முதல் உழவர் வரை அனைவரையும் பிணங்கள் கைபிடித்து ஆட்டத்துக்கு இழுத்துச் செல்லும் ஓவிய வரிசை தீட்டப்பட்டது, பக்கத்துத் தெருவை அகலப்படுத்துவதற்காக 1669இல் அந்த மதிலை இடித்துவிட்டார்கள் (சாவை வரைந்த சுவருக்குச் சாலை விரிவாக்கத்தால் சாவு!). 1913இல் மறைந்த மெக்சிகோ ஓவியர் ஹோசே குவாதலூப்பே போசாதாவோ, ஒயிலான தொப்பியணிந்த சீமாட்டியையே எலும்புக்கூடாக்கி, மலிவான அச்சுத்தாள்களில் தெருவுக்குக் கொண்டுவந்தார். புதுமை என்றால் அது ஓவியம் வெளிப்படும் நேரத்தில்தான் இருக்கிறது: நான் கண்ட எலும்புக்கூடு ஒன்று கடை ஷட்டரில் வரையப்பட்டிருந்ததால் பகலெல்லாம் சுருண்டு மறைந்திருந்து, நள்ளிரவில் மட்டும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டியபடி நின்றது, தள்ளாடி வந்த ஒருவர் அதனிடம் தீப்பெட்டி கேட்டார்.